அக்காவின் சனிக்கிழமைகள்

எங்கள் வீட்டில் வாரத்தின் ஏழு நாட்களையும் அக்காவும் நானும் பங்கு போட்டு வைத்திருந்தோம். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கக் கைகால் விழுந்த பிறகு செய்துகொண்ட ஏற்பாடு அது.

அப்பா நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பது வருடம் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். அம்மா இறந்து, அப்பா ஓய்வும் பெற்ற பிறகு பசறையில் ஒரு சின்ன வாடகை வீட்டுக்கு மூவரும் வந்தோம். வந்த இரண்டாவது வருடம் ஒரு நாள் காலை, முகம் கழுவப் போன இடத்தில் அப்பா அப்படியே சரிந்தார். உயிர் பிழைத்தாலும் பேச்சு போய்விட்டது. நான்கைந்து சொற்கள்தான் மிஞ்சின. தண்ணி, புள்ள, போதும், பெரட்டு. தினமும் விடியற்காலையில் தொழிலாளர்களை நிறுத்தி வேலை பிரித்துக் கொடுத்த அந்தப் பெரட்டை அவரால் மறக்க முடியவில்லை. ஆறு மணி ஆனால் படுக்கையில் கிடந்தபடியே “பெரட்டு, பெரட்டு” என்று அவசரப்படுவார். “முடிஞ்சிருச்சுப்பா, எல்லாரும் மலைக்குப் போயிட்டாங்க” என்று அக்கா சொன்னால்தான் அடங்குவார்.

அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். லுணுகலைக்குப் போகும் வழியில் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. நான் பதுளையில் மாகாணசபை அலுவலகம் ஒன்றில் கிளார்க். வார நாட்களில் அக்கா இரண்டரை மணிக்குத் திரும்பும்வரை பக்கத்து வீட்டு அம்மா அப்பாவைப் பார்த்துக்கொள்வார். மாலையில் அப்பாவைக் குளிப்பாட்டுவதும் சவரம் செய்வதும் என் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து மாலைவரை நான் பிள்ளைகளுக்கு ஆங்கில டியூஷன் எடுத்தேன். அன்று முழுக்க அப்பா அக்காவின் பொறுப்பு. மிச்சமிருந்தது சனிக்கிழமை. அதைத் தனக்கென்று அக்கா கேட்டு வாங்கினாள்; அன்று அப்பாவை நான் பார்த்துக்கொண்டேன்.

அவளுக்குப் பட்டம் வாங்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. பதுளையில் சனிக்கிழமைதோறும் வெளிவாரிப் பட்டப்படிப்புக்கு வகுப்பு நடந்தது. அந்த ஜனவரியில் சேர்ந்தாள். புதுக் கொப்பிகளுக்குத் தன் மாணவிகளைப் போல உறை போட்டு, காலை ஆறரை பஸ்ஸில் போய் மாலை ஐந்துக்கு வருவாள். வரும்போது அவள் முகம் வேறாக இருக்கும். தேநீர் ஊற்றிக்கொண்டே அன்று படித்ததை எனக்கும் அப்பாவுக்கும் சேர்த்துச் சொல்வாள். அப்பா “போதும்” என்பார். அக்கா சிரித்துவிட்டு இன்னும் கொஞ்சம் சொல்வாள்.

நான்கு மாதம் இப்படி நடந்தது. அதைக் கெடுத்தவன் நான்.

அது போர் நின்றிருந்த சமாதான காலம். இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு. கிழக்குப் பக்கத்துப் பாதைகள் திறந்திருந்தன. சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு அலுவலகத்து நண்பர்கள் வேன் பிடித்து அறுகம்குடாவுக்குப் போனார்கள். நானும் போனேன். எனக்கு இருபத்தாறு வயது. அதற்கு முன் கடலை மூன்று தடவைதான் பார்த்திருந்தேன். தோட்டத்து ஆற்றில் கல் அடுக்கித் தடுத்த இடத்தில் நீந்தப் பழகியவன் நான். மற்றவர்கள் கரையில் சமைத்துக்கொண்டிருந்தபோது, தண்ணீருக்குள் ஒரு மனிதர் பலகையின் மேல் நின்றபடி அலையோடு வருவதைப் பார்த்தேன். வெள்ளைக்காரர் அல்ல. பொத்துவிலைச் சேர்ந்த மீனவர், நாற்பது வயது இருக்கும். அவர் கரைக்கு வந்ததும் நான் போய் அந்தப் பலகையைத் தொட்டுப் பார்த்தேன்.

“பழகப் போறீங்களா தம்பி?” என்று கேட்டார்.

அன்று மாலைவரை விழுந்துகொண்டே இருந்தேன். மூக்கு, காது, வாய் எல்லாம் உப்புத் தண்ணீர். அவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று பலகையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, “கால பாக்காதீங்க. கரையப் பாருங்க. இப்ப எழும்புங்க!” என்று கத்துவார். கடைசியாக ஒரு தடவை எழும்பினேன். நாலு விநாடி இருக்கலாம், அதற்குக் குறைவாகவும் இருக்கலாம். எனக்குக் கீழே கடல் ஓடியது. நான் எதையும் தூக்கவில்லை, யாரையும் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. அதற்குப் பிறகு அலுவலகத்தில் உட்கார்ந்தாலும், அப்பாவின் முதுகுக்குச் சோப்புப் போட்டாலும் அந்த நாலு விநாடிதான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

லீவு போட்டு இரண்டு தடவை போனேன். அதற்கு மேல் லீவு கேட்க முடியவில்லை. ஞாயிறு டியூஷனை விட்டால் அப்பாவின் மருந்துக்கு வழியில்லை. திரும்பத் திரும்ப யோசித்தும் சனிக்கிழமையில்தான் வந்து நின்றேன்.

மே மாதம் ஒரு மாலை, அக்கா பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

“அக்கா, சனிக்கிழமையில மொனராகலை ஆபீசுக்குப் போகச் சொல்றாங்க. பழைய பைல் எல்லாம் தேங்கிக் கெடக்காம்.”

அவள் நிமிர்ந்தாள். “எத்தன வாரத்துக்கு?”

“செப்டம்பர் வரைக்கும் இருக்கும்.”

அலை செப்டம்பர்வரை நன்றாக இருக்கும் என்று அந்த மீனவர் சொல்லியிருந்தார். அதையே பைல்களுக்கும் சொன்னேன்.

“முடியாதுன்னு சொல்ல ஏலாதா தம்பி?”

“ஏலாதுக்கா. பெரியவரே கூப்பிட்டுச் சொல்லிட்டாரு.”

அக்கா சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள். கொஞ்ச நேரம் அப்பா படுத்திருந்த அறைப் பக்கம் பார்த்தாள். பிறகு, “சரி. வகுப்பு எங்க ஓடிப் போகுது? அடுத்த வருசம் சேந்துக்குவோம்” என்று சொல்லிவிட்டு அடுத்த கொப்பியை எடுத்தாள்.

அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால்கூட நான் விட்டுக்கொடுத்திருப்பேன் என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டதுண்டு. அதுவும் உண்மையில்லை.

சனிக்கிழமை விடியற்காலை நாலரைக்கு மோட்டார் சைக்கிளை எடுப்பேன். மொனராகலைக்கு எட்டு மணிக்குப் போக இது ரொம்பச் சீக்கிரம் என்று அக்காவுக்குத் தோன்றியிருக்கும். கேட்கவில்லை. எனக்கு முன்பே எழுந்து சோறு பொங்கி, பருப்பும் கரவாட்டுப் பொரியலும் வைத்துப் பார்சல் கட்டித் தருவாள். நான் அலுவலகச் சட்டை, நீளக் காற்சட்டை, சப்பாத்து எல்லாம் போட்டுக்கொண்டு கிளம்புவேன். மொனராகலை தாண்டியதும் ஒரு மரத்தடியில் நிறுத்தி அதையெல்லாம் கழற்றிப் பையில் வைப்பேன். பிறகு சியம்பலாண்டுவ, லகுகலைக் காடு. சில நாட்களில் குளத்தோரம் யானைகள் நிற்கும். சோதனைச்சாவடியில் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, “பதுளையிலிருந்தா? எதற்கு?” என்று சிங்களத்தில் கேட்பார்கள். “குளிக்க” என்பேன். வீட்டில் சொல்லாத உண்மையைச் சிப்பாயிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எட்டு மணிக்குமுன் தண்ணீருக்குள் இருப்பேன். ஜூன் முடிவதற்குள் அந்த மீனவரின் உதவியில்லாமல் எழும்பப் பழகிவிட்டேன். அலை தூரத்தில் ஒரு கோடாகத் தெரியும். அது எங்கே உடையும் என்று கணித்து, அந்த இடத்துக்குக் கையால் துடுப்புப் போட்டுப் போய்க் காத்திருக்க வேண்டும். பின்னாலிருந்து அது தூக்கும்போது பலகையில் கையூன்றி எழ வேண்டும். எழுந்து நின்றதும் சத்தமெல்லாம் பின்னுக்குப் போய்விடும். அந்த நேரங்களில் எனக்கு வீட்டு நினைவே வந்ததில்லை. இதை எழுதுவது கஷ்டமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது. பதினொன்றரைக்குக் கரையேறி, அந்த மீனவரின் குடிசை நிழலில் அக்காவின் சோற்றுப் பார்சலைப் பிரிப்பேன். அப்போதுதான் வீட்டு நினைவு வரும்; முதல் கவளத்தைத் தண்ணீர் குடித்துத்தான் விழுங்குவேன். “என்ன தம்பி, காரமா?” என்று அவர் கேட்பார். ஆமாம் என்பேன். அவருக்கும் ஒரு பங்கு கொடுத்துவிட்டு மிச்சம் முழுவதையும் சாப்பிட்டும் விடுவேன்.

திரும்பும் வழியில் ஒரு குழாயடியில் தலை கழுவி, சட்டை மாற்றி, நாலு மணிபோல வீடு சேர்வேன். முகம் கறுத்துப்போனதற்கு மொனராகலை வெயிலைக் காரணம் சொன்னேன். பவளப்பாறை கிழித்த உள்ளங்காலுக்கு ஒரு ஆணியைக் காரணம் சொன்னேன். அந்தக் காலைத் தன் மடியில் தூக்கி வைத்து மருந்து போட்டவள் அக்கா.

ஜூலை கடைசியில் ஒரு சனிக்கிழமை. அதுவரை நான் பார்த்ததிலேயே பெரிய அலைகள் அன்று வந்தன. ஒன்றன்பின் ஒன்றாக, ஒழுங்காக, நீளமாக. பதினொன்றரை ஆனது. இன்னும் ஒன்று என்று நினைத்தேன். பன்னிரண்டரைக்கு மீனவர் கரையிலிருந்து கையசைத்தார். நானும் கையசைத்துவிட்டு மறுபடி உள்ளே போனேன். கரையேறியபோது இரண்டரை. அவசரத்தில் குழாயடியில் நிற்கவும் இல்லை, தலை கழுவவும் இல்லை.

வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மா வேலியோரம் ஓடி வந்தார்.

“எங்க தம்பி போனீங்க? ஒங்கப்பாவுக்குத் திரும்பவும் வந்திருச்சு. பத்து மணிக்கே பதுளைக்குக் கொண்டு போயிட்டாங்க. அக்கா தனியா என்ன பாடு பட்டுச்சு தெரியுமா? சனிக்கெழமன்னா நானும் கொழுந்தெடுக்க மலைக்குப் போயிருவேன், கூப்பிட ஒரு ஆம்பள இல்ல. ரோட்டு வரைக்கும் தூக்கிக்கிட்டே போயிருக்கு.”

எங்கள் வீட்டிலிருந்து ரோட்டுக்கு நாற்பத்தொரு படி. அப்பா மெலிந்திருந்தாலும் உயரமானவர்.

பதுளை ஆஸ்பத்திரியில் வார்டுக்கு வெளியே நீண்ட பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தாள். வீட்டில் உடுத்தும் பழைய சேலை. காலில் என்னுடைய செருப்பு. அவசரத்தில் கிடைத்ததைப் போட்டிருக்கிறாள். அது அவளுக்குப் பெரிது. அதைப் போட்டுக்கொண்டுதான் அப்பாவைத் தூக்கிப் படி இறங்கியிருக்கிறாள் என்பது எனக்கு அங்கே நிற்கும்போதுதான் உறைத்தது.

“உசுருக்குப் பயமில்லன்னாங்க” என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். “மொனராகலையிலேர்ந்து வர்றியா?”

“ஆமாக்கா.”

அவள் கையை நீட்டி என் புருவத்தை விரலால் தடவினாள். விரலில் வெள்ளையாக ஒட்டியதைப் பார்த்தாள். உப்பு.

“எனக்கு ஜூன் மாசத்திலேயே தெரியும் தம்பி,” என்றாள். “ஒங்க ஆபீஸ் மிஸ் ஒருத்தவங்கள ஞாயித்துக்கெழம சந்தையில கண்டேன். சனிக்கெழமையில மொனராகலை ஆபீசு பூட்டித்தான் இருக்கும்னு சொன்னாங்க.”

“ஏன் கேக்கலக்கா?”

“பொண்ணா இருக்கும்னு நெனச்சேன்.” அவள் குரலில் கோபமில்லை. “மொனராகலப் பக்கம் யாரோ ஒரு புள்ளைய பாத்திருக்கே, சொல்ல வெக்கப்படுறியோன்னு நெனச்சேன். நீயா சொல்லட்டும்னு இருந்தேன். அம்மாட பெட்டியிலேர்ந்து அந்தச் செவப்புச் சீலைய எடுத்துத் தொவச்சுக்கூட வச்சிருக்கேன். அந்தப் புள்ளைக்கு.”

“பொண்ணு இல்லக்கா.”

“பின்ன?”

சொன்னேன். பலகை, அலை, பொத்துவில் மீனவர், செப்டம்பர்வரை என்று ஏன் சொன்னேன் என்பதுவரை. அந்த நடைபாதையில், மருந்து வாடைக்கு நடுவில், என் காதுக்கே அது ஒரு சின்னப் பையனின் பேச்சுப் போலக் கேட்டது. முடிந்ததும் அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“மத்த நாள்ல நாலு மணிக்கு வந்துருவியே. இன்னைக்கு மட்டும் ஏன் இவ்வளவு நேரம்?”

“அலை நல்லா இருந்துச்சு.”

அவ்வளவு நாளில் அவளுக்கு நான் சுற்றி வளைக்காமல் சொன்ன முதல் பதில் அது. அவள் எழுந்து, என் செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடந்து, வார்டுக்குள் போனாள்.

பத்து நாள் கழித்து அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மிஞ்சியிருந்த சொற்களும் போய்விட்டன. ஆறு மணிக்குக் கண் திறந்திருக்கும், ஆனால் பெரட்டு என்று கூப்பிட மாட்டார். அந்த நிசப்தம் எனக்குப் பழகவே இல்லை. நான் வீட்டில் இருந்திருந்தாலும் அந்த இரண்டாவது பக்கவாதம் வந்தேதான் இருக்கும் என்று வைத்தியர் சொன்னார். ஆனால் அன்று காலை அப்பா கடைசியாக எதைச் சொன்னார் என்பதைக் கேட்க நான் அங்கே இல்லை. அக்காவிடம் கேட்க எனக்குத் தைரியமும் வரவில்லை.

வகுப்பு பாதியில் இருந்ததால் அக்கா அந்த வருடம் திரும்பச் சேர முடியவில்லை. இருந்தும் சனிக்கிழமைகளில் நான் வீட்டிலேயே இருந்தேன். அப்பாவைப் புரட்டிப் படுக்க வைப்பது, துணி மாற்றுவது, கரண்டியால் கஞ்சி கொடுப்பது எல்லாம் செய்தேன். அக்கா மத்தியானம் படுத்தால் அசையாமல் தூங்குவாள். பாத்திரம் விழுந்தாலும் எழும்ப மாட்டாள். எத்தனை மாதத் தூக்கம் அது என்று பார்த்துக்கொண்டு நிற்பேன். ஆனால் நான் திருந்திவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டும்போது, ஜன்னலில் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்ப்பேன். இந்தக் காற்றுக்குப் பொத்துவிலில் அலை எப்படி இருக்கும் என்று மனம் ஓடும். அப்போது அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். கையில் கரண்டியோடு வெட்கப்பட்டு நிற்பேன்.

அடுத்த ஜனவரியில் அக்கா மறுபடி சேர்ந்தாள். பழைய கொப்பிகளின் உறையைக் கழற்றிப் புது உறை போட்டாள். அந்த வருட நடுவில் அப்பா தூக்கத்திலேயே போனார். முப்பத்தொன்றாம் நாள் காரியம் முடிந்ததும் ஒரு சனிக்கிழமை காலை அக்கா வகுப்புக்குக் கிளம்பும்போது, “வீட்டுல சும்மா ஏன் இருக்க? போயிட்டு வா” என்றாள்.

“எங்க?”

“எங்கன்னு ஒனக்குத் தெரியும்.”

போனேன். சந்தோசமாக இருந்தது. அதற்காகவே வரும் வழியெல்லாம் மனசு குத்தியது.

அந்த டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்தது. பசறையில் அரிசியும் துணியும் சேர்த்து ஒரு லொறியில் பொத்துவிலுக்குக் கொண்டு போனார்கள். அக்காவும் நானும் அதில் போனோம். செய்தி கேட்ட அந்த முதல் நிமிடத்தில், மனிதர்களை நினைப்பதற்கு முன், நான் ஏறி நின்ற அந்த அலை இனிப் பழையபடி உடையுமா என்ற நினைப்பு எனக்கு வந்தது. ஒரு கணம்தான். இதை அக்காவிடம்கூட நான் சொன்னதில்லை.

வீடிழந்தவர்கள் தங்கியிருந்த பாடசாலை ஒன்றில் அந்த மீனவரைக் கண்டோம். வீடும் தோணியும் போயிருந்தன. தாயாரையும் கடல் கொண்டு போயிருந்தது. என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுது முடித்ததும் அக்காவைப் பார்த்து, “உங்கட சோத்துப் பார்சலத்தான் இவர் எனக்கும் தருவார்” என்றார். “உங்கட தம்பி அலையில நல்லா நிப்பார் தெரியுமா? படிப்பிச்சது நான்.” அந்த நிலைமையிலும் அவருக்கு அது பெருமையாக இருந்தது. அக்கா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். லொறியில் திரும்பும்போது, “நல்ல மனுசன்” என்று மட்டும் சொன்னாள். கடலை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு போர் திரும்பவும் மூண்டு பாதை மறுபடி கெட்டது. லகுகலைப் பக்கம் போக எல்லோரும் பயந்தார்கள். நானும் நிறுத்தினேன். குற்றவுணர்வால் நிறுத்தியதாகச் சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். பாதைதான் நிறுத்தியது.

அக்கா பட்டம் வாங்கினாள். விழாவுக்கு நானும் போனேன். கறுப்பு அங்கிக்குள் அம்மாவின் அந்தச் சிவப்புச் சேலையை உடுத்தியிருந்தாள். அதற்கடுத்த வருடம் அதிபர் பதவிக்கான பரீட்சைக்கு அரசாங்க வர்த்தமானியில் அறிவித்தல் வந்தது. பட்டதாரி ஆசிரியர்கள் விண்ணப்பிக்கலாம். அலுவலகத்தில் முதலில் பார்த்தவன் நான். பிரதி எடுத்து, பஸ்ஸில் வழி முழுதும் மடியில் வைத்துக்கொண்டு, ஓட்டமாக வீட்டுக்கு வந்து கொடுத்தேன். முந்தைய வருடத் தொடக்கத்திலும் இதே அறிவித்தல் வந்திருந்தது. வகுப்பு ஒரு வருடம் தள்ளிப் போனதால் அப்போது அவளிடம் பட்டம் இல்லை.

அக்கா அடுப்படியில் நின்றபடியே வாசித்தாள். வயதெல்லை என்ற வரியில் நிறுத்தி, விரல் விட்டு எண்ணினாள்.

“ஏழு மாசம் கூடிருச்சு தம்பி.”

நான் அதை வாங்கித் திரும்பப் பார்த்தேன். ஏழு மாதம்தான்.

“கேட்டுப் பாப்போம்க்கா. ஒரு கடிதம் எழுதிப் பாப்போம். எங்க பெரியவர்கிட்ட சொல்லி—”

“வேணாம். எல்லாருக்கும் ஒரே சட்டந்தானே.” அரிசியைச் சுளகில் கொட்டிப் புடைக்க ஆரம்பித்தாள். சற்றுப் பொறுத்து, “எனக்குப் புள்ளைகளுக்குப் படிச்சுக் குடுக்கத்தான் புடிக்கும். அதிபர்னா சும்மா கையெழுத்து வச்சுக்கிட்டு இருக்கணும்” என்றாள்.

அவள் வேண்டுமென்றே எளிதாகச் சொன்னாளா, உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சுளகிலிருந்து அவள் பொறுக்கிப் போட்ட கற்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். “நின்னுக்கிட்டே இருக்கியே, தேங்கா ஒண்ணு ஒடச்சுக் குடு” என்றாள். போய்க் கத்தியை எடுத்துக்கொண்டு வந்தேன்.